கடைசிச் சரணத்தை மாத்திட்டான்

என்ன அண்ணாச்சி, முட்டில இடிக்குதோ? கொஞ்சம் தள்ளி வச்சுக்கிடுதேன். பொணப்பெட்டி எல்லாம் இல்ல, கீபோர்டுதான். மேல வச்சா அதுக்கு மேல எவனாவது தேங்காய் மூட்டைய ஏத்திருவான், அதான் மடியிலயே சொமந்துட்டு வாரேன். அந்தக் கண்ணாடியக் கொஞ்சம் திறந்துவிடுங்க. மாசி பொறக்கல, அதுக்குள்ள என்ன அனல் பாருங்க.

எனக்கும் தூத்துக்குடிதான். ஜெர்வாஸ் மச்சாது. இப்ப கோயம்புத்தூர்ல ஒரு குழுவுல வாசிக்கேன். ரிசப்ஷன், காதுகுத்து, அந்த மாதிரி. நாளைக்கு எங்க அம்மாவுக்கு ரெண்டாம் வருஷப் பூசை. காலைல ஆறு மணிக்குப் பூசை, முடிஞ்சதும் கல்லறைத் தோட்டத்துல மந்திரிப்பு, சாமியார் வந்து கல்லறையில ஜெபம் பண்ணி தீர்த்தம் தெளிப்பாரு. செலஸ்டி அக்கா எல்லா ஏற்பாடும் பண்ணிட்டா. நான் ஒரே பையன், நான் நின்னாத்தான் முறை. போன வருஷமும் கிளம்பினேன். மதுரை வரைக்கும் வந்துட்டேன். அதுக்குள்ள ஒரு கச்சேரி வந்துட்டு. அத விடுங்க.

உங்களுக்கு நம்பிக்கைத் துரோகம் பண்ணின ஆளு யாரும் உண்டா? இருக்கும். எல்லாருக்கும் ஒருத்தன் இருப்பான். பங்காளி, மச்சினன், இப்படி. எனக்கு அமைஞ்சவன் அர்மேனியாக்காரன். சிரிக்காதீங்க, நிசமாத்தான் சொல்லுதேன். துருக்கிக்குப் பக்கத்துல, மலை மலையா ஒரு சின்ன நாடு. யெரெவான்னு தலைநகரம். அங்க நாலு வருஷம் இருந்தேன்.

ஒரு ஏஜெண்டு, பெரிய ஓட்டல்ல பேண்டு வாசிக்கணும்னு கூட்டிட்டுப் போனான். போய்ப் பாத்தா ஓட்டலுக்குக் கூரையே இன்னும் போடல. நம்ம பிள்ளைக அங்க டாக்டருக்குப் படிக்குதுல்லா, அதுகளுக்கு ஒரு மலையாளி மெஸ் வச்சிருந்தான். அதுல தோசை சுட்டுக்கிட்டுக் கெடந்தேன். மெஸ்ல ஒரு பழைய கீபோர்டு கெடந்துச்சு. மத்தியானம் ஆள் கொறஞ்சதும் உக்காந்து தட்டுவேன். அப்பதான் அவன் வந்தான், சுரேன். நம்ம ஊரு சுரேந்திரன் மாதிரி பேரு. சுரேன் கலோயான். கறுப்புச் சட்டை, வழுக்கைத் தலை, ஆட்டுக்கெடா மாதிரி கழுத்து. உறைப்பாத் திங்கணும்னு ஆசைப்பட்டு வந்த மனுசன், தோசைய வச்சுட்டு என் கையவே பாத்துக்கிட்டு நிக்கான்.

கீபோர்டுல இடது ஓரத்துல ஒரு சக்கரம் இருக்கும், பாத்துக்கிடுங்க. அத உருட்டினா ஸ்வரம் வளையும். நம்ம குழுக்கள்ல நாதஸ்வரத்த அதுலதான கொண்டுவருவோம். அவுங்க பாட்டுலயும் அந்த வளைவு உண்டு. ஆனா அங்க உள்ள பையனுவ கான்சர்வேட்டரின்னு பாட்டுக் காலேஜுல படிச்சவனுவ, வளைன்னா ஒடிப்பானுவ. சுரேன் சொன்னான், "நீ அழுதுகிட்டே வாசிக்கிறவன். நாளைக்கு வா." அடுத்த நாள் தோசைக்கல்லுக்கு ஒரு கும்பிடு போட்டேன்.

அவன் பாடுறத அங்க ஷான்ஸோன்னு சொல்லுவாங்க. கச்சேரி மாதிரி இல்ல அது. ரெஸ்டாரெண்ட்ல, கல்யாணத்துல, ஆளுக சாப்பிட்டுக்கிட்டு இருக்கையில பாடுறது. செயிலு, அம்மா, ஊரை விட்டுப் போனது, கூட இருந்தவன் காட்டிக் கொடுத்தது, இதுகளத்தான் பாடுவாங்க. எல்லாப் பாட்டும் 'நான்'னுதான் இருக்கும். நான் அடைபட்டேன், நான் அழுதேன்னு. கேக்கிறவன் அத அப்படியே நம்பிருவான். சுரேன் செயிலப் பத்தி மட்டும் ஒன்பது பாட்டு எழுதியிருக்கான். போலீஸ் ஸ்டேஷன் வாசப்படிய மிதிச்சது கெடையாது. ஆனா ரிலீசாகி வந்தவனெல்லாம் அவனக் கட்டிப் பிடிச்சு, "அண்ணே நீங்க எந்த பிளாக்கு?"ன்னு கேப்பான். இவனும் தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு, "அதையெல்லாம் பேச வேண்டாம் தம்பி"ம்பான். அது தொழில் தர்மமாம். இல்லைன்னு சொன்னா பாட்டு செத்துப் போகுமாம்.

அவன் வாழ்க்கையும் லேசுப்பட்டது இல்ல. அதையும் சொல்லணும்லா, நான் ஒண்ணும் ஓரவஞ்சனை பண்ணுற ஆள் இல்ல. கியூம்ரின்னு ஒரு ஊரு. எண்பத்தெட்டுல அங்க பூமி ஆடிச்சு. இவனுக்கு ஒன்பது வயசு. அப்பா துணி மில்லுல வேலை. மில்லு அப்படியே உக்காந்துட்டு. ஆளக் கண்டுபிடிக்கவே முடியல. எது யாரு உடம்புன்னு தெரியாம மொத்தமாப் புதைச்சாங்களாம். அதுக்கப்புறம் தாயும் மகனும் தகரக் கண்டெய்னர் ஒண்ணுல பன்னெண்டு வருஷம் இருந்திருக்காங்க. தகரத்துக்குள்ள பாடிப் பாடித்தான் தன் குரல் இப்படி கணீர்னு ஆயிட்டுன்னு சொல்லுவான். பதினாறு வயசுல கல்யாண வீட்டுல பாட ஆரம்பிச்சவன், பெறகு ருஷ்யாவுக்குப் போயி ரெஸ்டாரெண்ட் ரெஸ்டாரெண்டா பாடினான். ஊருக்குத் திரும்பி, சொந்தமா எழுதின செயில் பாட்டு ஒண்ணு டாக்சி டாக்சியா ஓடி, பெரிய ஆளா ஆனான்.

எழுதுறதுன்னா எப்படி எழுதுவான் தெரியுமா? டேபிள்ல எவனாவது குடிச்சுட்டு அழுதா பக்கத்துல போயி உக்காந்துக்கிடுவான். கேப்பான். சிகரெட்டு அட்டையில நாலு வரி குறிச்சுக்கிடுவான். ஒரு மாசத்துல அது பாட்டு. அடுத்தவன் கதையில 'நான்'னு போட்டுப் பாடுவான். அவன் சொந்தக் கதைன்னு இருந்தது ஒண்ணே ஒண்ணு, அவுங்க அப்பா. அத மட்டும் அவன் பாடினதே இல்ல. நான் ஒருதரம் கேட்டேன். "போயி நிக்கறதுக்கு ஒரு இடம் வேணும்லா, அப்பதான் பாட்டு வரும்"னான். எனக்கு ஒண்ணும் விளங்கல.

மூணு வருஷம் நல்லாத்தான் போச்சு. அவன் அம்மா பேரு அனுஷ். அனுஷம்மாதான் எனக்குச் சோறு போட்டது. நானும் அவுங்கள மாதிரி வேதக்காரன், கிறிஸ்தவன்னு தெரிஞ்சதும் அவ்வளவு பிரியம். 'ஜெர்வாஸ் ஜான்'னுதான் கூப்பிடும், சுரேனும் அப்படித்தான். ஜான்னா உயிரேங்கிற மாதிரி.

ஒரு வியாழக்கிழமை காலைல அக்கா போன் பண்ணினா. அம்மா போயிட்டா. நெஞ்சு வலின்னு சொன்னாளாம், ஆஸ்பத்திரி வாசல்லயே முடிஞ்சுட்டு. "பெட்டியில வச்சிருக்கோம், சனிக்கிழமை சாயந்தரம் வரைக்கும் தாங்கும், நீ வந்துரு தம்பி"ன்னா. சுரேன் பக்கத்துல இருந்தான். என் தலைய நெஞ்சுல சாச்சுக்கிட்டு, "உன் நோவு எனக்கு வரட்டும்"னான். அங்க அது சும்மா வாய்வார்த்தையாச் சொல்றது. காய்கறிக்காரி கூட சொல்லுவா. இவன் நெசமாவே எடுத்துட்டுப் போயிட்டான், அது பெறகு.

அவனே டிக்கெட் போட்டான். வெள்ளிக்கிழமை காலைல எட்டரை மணிக்கு ஃப்ளைட், துபாய் மாறி திருவனந்தபுரம், சனிக்கிழமை காலைல வீட்டுல இருந்திருக்கலாம். ஏர்போர்ட்டுல கொண்டு விட்டுட்டும் போனான். என்ன செய்ய? பனிமூட்டம். அந்த ஏர்போர்ட்டு பள்ளத்துல இருக்கு, குளிர்காலத்துல பால ஊத்தின மாதிரி மூடிக்கிடும். ஊருக்குள்ள பளிச்சுனு இருக்கும், அங்க ஒண்ணும் தெரியாது. திரும்பி வந்து சொன்னேன். அக்காட்டயும் சொன்னேன். அவ அழுதா. எல்லாத்தையும் போன்லதான் பாத்தேன், அண்ணாச்சி. யாரோ போனப் பிடிச்சுக்கிட்டு நடக்கான், அம்மா மொகம் ஆடிக்கிட்டே போவுது.

அந்தச் சனிக்கிழமைதான் பெரிய ஹால்ல சுரேனோட முதல் கச்சேரி. அதுவரைக்கும் அவன் சாப்பாட்டுக் கடையிலயே பாடினவன். ரெண்டாயிரம் பேரு. போஸ்டர்ல பாட்டுக்காரன் பேருக்குக் கீழ, 'கீபோர்டு: ஜெர்வாஸ், இந்தியா'. எனக்குப் பதிலா கார்னிக்குன்னு ஒரு பையனத் தயாரா வச்சிருந்தான். ஒடிக்கிற பயல். நான் திரும்பி வந்துட்டதால நானே வாசிச்சேன். கண்ணுல தண்ணி ஒழுக ஒழுக வாசிச்சேன். அன்னைக்கு வாசிச்ச மாதிரி என்னைக்கும் வாசிச்சதில்ல.

ஒரு மாசம் கழிச்சுப் பாட்டு வந்துட்டு. 'அம்மா, வெள்ளையா ஒண்ணு வந்து வழிய மறிச்சிருச்சு'ன்னு ஆரம்பிக்கும். அம்மா செத்துக் கெடக்கா, மகன் விமான நெலையத்துல நிக்கான், பனி விலக மாட்டேங்குது. கடைசிச் சரணத்துல பனி விலகுது, அதுக்குள்ள அங்க மண்ணு போட்டாச்சு. என் கதை அண்ணாச்சி! என்ட்ட ஒரு வார்த்தை கேக்கல. ஆனா பாட்டு என்ன பாட்டுங்கிறீங்க! எடையில நான் வாசிக்கிற பிட்டு ஒண்ணு உண்டு, நம்ம முகாரிச் சாயல்ல. அத வாசிச்சா ஹாலு முழுசும் எந்திரிச்சு நின்னு கிளாசத் தூக்கும். இடிக்க மாட்டாங்க. செத்தவங்களுக்காகக் குடிக்கையில அங்க கிளாசை இடிக்கப்பிடாது. ஐநூறு பேரு சத்தமில்லாம குடிக்கிறதப் பாத்தா உடம்பு சிலிர்க்கும்.

வந்த வினை என்னன்னா, அதுலயும் 'நான்'தான? சனம் என்ன நெனச்சுது? சுரேனோட அம்மா செத்துட்டான்னு நெனச்சுது! துக்கம் விசாரிக்க வீட்டுக்கு வர ஆரம்பிச்சுட்டாங்க. கியூம்ரியிலருந்து வேன் பிடிச்சு வாராங்க. கதவத் தட்டுறாங்க. யாரு திறக்கா? அனுஷம்மா! ஒருத்தி அங்கயே மயங்கி விழுந்துட்டா. ஒரு கெழவன் பூவ அனுஷம்மா கையிலயே கொடுத்துட்டு, "உங்க ஆத்துமா இளைப்பாறட்டும்"னு சொல்லிட்டுப் போறான். அனுஷம்மாவுக்கு ஒரே கோவம். "நான் உசுரோட இருக்கையிலயே என்னையக் குழியில இறக்கிட்டயேடா"ன்னு மகன வாரியலால சாத்தாத கொறதான்.

அதுலருந்து வாரவங்ககிட்ட எல்லாம் சுரேன் என்னையக் காட்டி, "எங்க அம்மா இல்ல, இவன் அம்மா"ன்னு சொல்ல ஆரம்பிச்சான். மேடையிலயும் சொன்னான். தொழில் தர்மம்னு அவ்வளவு பேசினவன்! எனக்கு என்ன, மரியாதைதான். எங்க போனாலும் கட்டிப் பிடிக்கிறாங்க. பனி மறிச்ச மகன்னு பேரு. டாக்சிக்காரன் எறங்கி கதவத் திறந்துவிடுதான். அம்மா செத்தும் என்னையத் தூக்கி வச்சாள்னு நெனச்சுக்கிட்டேன்.

ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் நாங்க மூணு பேரும் சாப்பிட்டுக்கிட்டு இருக்கோம். ஒரு பொம்பள வந்தா. அம்பது வயசிருக்கும், கையில பூ. ஏர்போர்ட்டுல காபிக் கடை வச்சிருக்காளாம். அவளும் துக்கத்துக்குத்தான் வந்தா. சுரேன் வழக்கம்போல, "இவன் அம்மா"ன்னு என்னையக் காட்டினான். அவ என்னைய உத்துப் பாத்தா. பாத்துட்டு ஓடிவந்து கன்னத்தப் பிடிச்சுக்கிட்டா. "ஐயோ, நீதானா அது! என் கடையிலதான உக்காந்திருந்த! அன்னைக்குப் பூராவும் உன்னையத்தான் நெனச்சேன். டீய வாங்கி வச்சுக்கிட்டு, குடிக்காம, ஃப்ளைட்டக் கூப்பிடுறாங்க போப்பான்னு ரெண்டு தடவ சொன்னேன், தெரியும்னு சொன்ன. அது கிளம்பி மேல போற வரைக்கும் கண்ணாடி வழியாப் பாத்துக்கிட்டே இருந்தியே! துக்கத்துல காலு எழும்பலயாப்பா உனக்கு?"

அவ நல்ல எண்ணத்துலதான் சொன்னா. அதுதான் என்னையக் கொன்னது.

என்ன அப்படிப் பாக்கிறீங்க? போர்டுல தாமதம்னு போட்டிருந்தான் அண்ணாச்சி! அரை மணி நேரம் போட்டிருந்தான். அரை மணி நேரம் பனிமூட்டம் இருந்துச்சு, இல்லைன்னு யாரு சொன்னா? நான் சொன்னது பொய் இல்ல. அரை மணி நேரம் ஒரு மனுசன் யோசிக்கக் கூடாதா? போனா அம்மா எந்திரிச்சு வரப் போறாளா? இங்க கார்னிக்கு என் ஸ்டூல்ல உக்காந்துட்டான்னா பெறகு எந்திரிப்பானா? முப்பது வருஷமா கல்யாண மண்டபத்துல சாம்பார் வாசத்துக்கு நடுவுல வாசிச்சவன், ஒரு நாளு போஸ்டர்ல பேரு வருது. அம்மாவே இருந்திருந்தா, "நீ இருந்து வாசிச்சுட்டு வா"ன்னுதான் சொல்லியிருப்பா. எங்க அம்மாவ எனக்குத் தெரியாதா?

அவ போனதுக்கப்புறம் அனுஷம்மா என் தட்டுல சோறு போடல. எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிட்டா. சுரேன் சத்தம் போட்டிருந்தா நானும் நாலு போட்டிருப்பேன். அவன் போடல. "உனக்குப் போயி நிக்க ஒரு கல்லறை இருந்துச்சே, ஜெர்வாஸ்"னான். ஜான் சொல்லல. நான் சொன்னேன், "இப்ப என்ன, பாட்டு நல்லா வந்துச்சுல்லா?"ன்னேன். இதுல என்ன தப்பு?

மறு வாரம் கடைசிச் சரணத்த மாத்திட்டான்.

பனி விலகிட்டுதாம். விமானம் நேரத்துக்கு வந்துட்டுதாம். அம்மா, நான்தான் டீய ஆற வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன், அது என் தலைக்கு மேல போறதப் பாத்துக்கிட்டு இருந்தேன். இதுதான் புதுச் சரணம். பேரு சொல்லல. இப்ப திரும்பவும் 'நான்'னே பாடுதான், பழிய அவன் தலையிலயே ஏத்திக்கிட்ட மாதிரி. ஆனா மேடையில ஆறு மாசமா என்னையக் காட்டிட்டு, இப்ப சொல்லாம விட்டா ஊருக்குத் தெரியாதா? அந்தச் சரணத்த அவன் பாடினா ஒருத்தனும் கிளாசத் தூக்க மாட்டான். தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு இருப்பான். பெறகு ஒவ்வொருத்தனா போன எடுத்துக்கிட்டு வெளிய போவான், அம்மாட்டப் பேச. நல்ல விசயந்தானன்னு கேப்பீங்க. எனக்கு என்ன நல்லது அதுல?

கேளுங்க கொடுமைய. அந்தச் சரணத்துக்கும் என்னையவே வாசிக்கச் சொன்னான். "நீ வளைச்சாத்தான் அது அழும்"னான். பதினோரு மேடை வாசிச்சேன். கூடவே இருந்தவன், ஒரே தட்டுல தின்னவன், என் மானத்த எடுத்து மைக்குல போட்டுட்டு எனக்கே தாளம் காட்டுதான். துரோகம்னா அதுதான் அண்ணாச்சி. பதினோராவது மேடை முடிஞ்சதும், "இனி கார்னிக்கு வாசிக்கட்டும். நீ ஊருக்குப் போ. அக்காவப் பாரு, அம்மாவப் பாரு"ன்னு சொல்லி அனுப்பிட்டான். நல்லவன் மாதிரி! வேலைய விட்டுத் தூக்கினான்னு சொன்னா முடிஞ்சுது. நான் இந்தியாவுக்குத்தான் வந்தேன். கோயம்புத்தூருக்கு வந்தேன்.

இன்னும் முடியல. போன நவம்பர்ல அக்கா ஒரு போட்டோ அனுப்பினா. இருங்க, காட்டுதேன். இந்தா, பாத்தீங்களா? நம்ம கல்லறைத் தோட்டம். மொட்ட வெயில்ல கறுப்புச் சட்டை போட்டுக்கிட்டு நிக்கான் பாருங்க கெடா மாதிரி, அவன்தான். துபாய்ல கச்சேரியாம், அங்கருந்து வந்துட்டான், விலாசம் விசாரிச்சுக்கிட்டு. எங்க அம்மா கல்லறையில பிராந்திய ஊத்தியிருக்கான். அவுங்க வழக்கமாம். வாழ்நாள்ல அந்த வாசனையே ஆகாது எங்க அம்மாவுக்கு! ஒரு மணி நேரம் நின்னானாம். தரையத் தொட்டுத் தொட்டுக் கும்பிட்டானாம். அக்கா அவனுக்கு நண்டுக் குழம்பு வச்சுப் போட்டிருக்கா, அம்மா தட்டுல. அம்மா தட்டுல அண்ணாச்சி. எனக்கு முன்னால அவன் போயி நின்னுட்டான். நான் நிக்க வேண்டிய எடம் அது.

அக்காட்ட உண்மையச் சொல்லியிருப்பான்னு நெனச்சு மூணு நாளு போன எடுக்கல. நாலாம் நாளு எடுத்தா, அவ என்ன சொல்லுதா? "உன் சிநேகிதரு போன்ல தமிழ்ல மாத்திக் காமிச்சாருடா. அன்னைக்குப் பனிமூட்டம் ரொம்பவாம், நீ கெடந்து துடிச்சியாம். எவ்வளவு நல்ல மனுசன்"ங்கா. என்ன அழுத்தம் பாருங்க அவனுக்கு! ஊருக்கெல்லாம் ஒரு சரணம், எங்க அக்காவுக்கு மட்டும் பழைய சரணமாம். எனக்குப் பிச்ச போடுதானாம். அவன் அவட்ட உண்மையச் சொல்லியிருந்தா, அவ நாலு திட்டு திட்டியிருப்பா, நானும் போயிக் கால்ல விழுந்திருப்பேன், முடிஞ்சிருக்கும். இப்ப நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவ முன்னால போயி நிக்க? சொல்லுங்க. எல்லாம் அவனாலதான்.

எட்டயபுரம் விலக்கு வந்துட்டோ? கண்டக்டர், ஒரு ஆளு எறக்கம், பாத்து நிறுத்துங்க. இல்ல அண்ணாச்சி, தூத்துக்குடிக்குத்தான் டிக்கெட் எடுத்தேன். எதிர்ப்பக்கம் மதுரை வண்டி வரும், அதுல ஏறிக்கிடுதேன். அடுத்த வருஷம் பாப்போம். பூசைதான, எங்க வச்சாலும் பூசைதான். கோயம்புத்தூர்லயும் கோயிலு இருக்குல்லா.

இந்தா, அடிக்குது பாருங்க. அக்காதான். பழைய பஸ் ஸ்டாண்டுல வந்து நிக்கேன்னு காலையிலயே சொன்னா. நீங்க எடுங்க. பெரிய மனுசன் குரலாக் கேட்டா நம்புவா. பக்கத்து சீட்டுக்காரன்னு சொல்லுங்க. இங்க நல்ல மழை, ரோட்டுல தண்ணி போவுது, வண்டியெல்லாம் அப்படியே நிக்குதுன்னு சொல்லுங்க அண்ணாச்சி. அந்தக் கண்ணாடியச் சாத்திட்டுப் பேசுங்க, வெயில் மூஞ்சியில அடிக்குது.